நான் பூட்டிவிட்டுப் போன வீடு

நானும் என் மனைவியும் வேலை பார்த்த கல்லூரியின் பின்புறம், மாணவிகள் விடுதியைத் தாண்டி, ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கென்று பத்து வீடுகள் கட்டியிருந்தார்கள். பிள்ளை இல்லாத எங்களுக்கு அது பெரிய ஆறுதல். விடுதி மெஸ்ஸிலிருந்தே சாப்பாடு வந்துவிடும். ஒரே நிபந்தனை, தங்களைத் தாங்களே கவனித்துக்கொள்ள முடியாதவர்கள் அங்கே இருக்கக்கூடாது.

குடிவந்த இரண்டாம் வருடம் அவளுக்கு மறதி முற்றியது. முப்பது வருடம் கணக்குப் பாடம் எடுத்தவள், குளியலறைக்கு வழி தெரியாமல் அடுப்படியில் நின்று அழுதாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. பார்க்க வந்தவர்களிடம் தூங்குகிறாள் என்றேன். வெளியே போகும்போது கதவைப் பூட்டிக்கொண்டு போனேன்.

ஒருநாள் மாத்திரை வாங்கச் சிவகாசி போயிருந்தேன். திரும்பும்போது, கல்லூரிக்கு இரண்டு மைல் முன்னால் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். பக்கத்துப் பட்டாசு ஆலையில் விபத்து. சத்தம் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தது. பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு ஆலையைப் பார்த்து ஓடினார்கள். நான் கருவேலங்காட்டு வழியாகக் கல்லூரியைப் பார்த்து ஓடினேன். இந்தச் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும். சாவி என் பையில் இருந்தது.

வாசலில் கூட்டம். பக்கத்து வீட்டில் இருந்த, வணிகவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற அம்மா, முக்காடு நழுவியது தெரியாமல், ஜன்னல் கம்பி வழியாக என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கதவத் தொறங்க! பிள்ளைக வெளிய போகட்டும்!" என்று வகுப்பில் நிற்பவளைப்போல உள்ளே அவள் கத்திக்கொண்டிருந்தாள். கதவை அடித்து அடித்து விரல் முட்டியெல்லாம் ரத்தம்.

அவசரத்தில் எனக்குச் சாவி பூட்டில் நுழையவில்லை. அந்த அம்மாதான் வாங்கித் திறந்தார்.

"எம்புட்டு நாளா இப்படி இருக்காக?"

"ஒரு வருசமா."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல சார்? நாங்க என்ன, வெளிய போங்கன்னா சொல்லப்போறோம்?"

நிர்வாகம் சொல்லுமே என்று வாய்வரை வந்தது. மனைவியின் விரல் ரத்தத்தைத் துண்டால் துடைத்தேன்.

நிர்வாகம் சொல்லத்தான் செய்தது. அந்த அம்மா மற்ற வீட்டுக்காரர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு முதல்வரைப் போய்ப் பார்த்தார். பலனில்லை. மாதக் கடைசியில் விருதுநகரில் ஒரு வாடகை வீட்டுக்குக் கிளம்பினோம்.

வேனில் ஏறியதும் அவள் கேட்டாள்: "எங்கன போறோம்?"

"நம்ம வீட்டுக்கு."

"அப்ப இது யாரு வீடு?"

டிரைவரைக் கிளம்பச் சொன்னேன்.