மலைப் பேருந்தில் விரிந்த படம்

மலைமேலிருக்கும் ஜமுனாமரத்தூரில் நானும் என் தோழியும் ஒரே பள்ளியில் ஆசிரியைகள். ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கூடத்தில் காரை உதிர்ந்த சுவரை மறைக்க ஒரு படம் வாங்கலாம் என்றாள் அவள். இணையத்தில் தேடி, நானூறு வருடப் பழைய ஐரோப்பிய ஓவியம் ஒன்றின் நகலைக் கேன்வாஸில் அச்சடித்து அனுப்பச் சொன்னோம். அறுவடைத் தேவதையும் தோழிப்பெண்களும் பழக்குவியல் நடுவே உட்கார்ந்திருக்கும் புராணக் காட்சி. வரைந்தது இரண்டு பேர். ஆட்களை ஒருவர், பழம் பூ மிருகங்களை இன்னொருவர்.

மலைக்குக் கொண்டுவந்து தரமாட்டோம் என்று கூரியரில் சொல்லிவிட்டதால், சனிக்கிழமை நாங்களே கீழே ஆலங்காயம் போய் வாங்கிக்கொண்டு பேருந்து ஏறினோம். அட்டைக்குழாய் என் தோளுயரம் இருந்தது. பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில் அது என் மடியிலிருந்து நழுவி, மூடி கழன்று, உள்ளிருந்த கேன்வாஸ் பின்சீட்டுகளை நோக்கி உருண்டு விரிந்தது. ஆடையில்லாத ஆறு பெண்கள், ஒரு சிறுத்தை, ஒரு குரங்கு.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. தோழி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

யாரும் மிதித்துவிடக் கூடாதென்று, காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தார். நடத்துநர் மறுமுனையைப் பிடித்தார். வண்டி வளையும்போதெல்லாம் தேவதைகளும் சேர்ந்து சாய்ந்தார்கள். தேவதையின் கையிலிருந்த கதிர் சாமைதான் என்று ஒருவர் சாதித்தார். பின்சீட்டுக்காரர் அது கேழ்வரகு என்றார். அந்த அம்மா பழங்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இதெல்லாம் ஒரே ஆளா வரஞ்சாரு?"

இரண்டு பேர் என்று விளக்கினேன். அவர் மறுபடி படத்தைப் பார்த்தார்.

"பழம் வரஞ்சவருதாங்க ஒழச்சிருக்காரு. இன்னொருத்தருக்குத் துணி வரையக்கூட நேரம் இல்ல போல."

நடத்துநர் சிரித்த சிரிப்பில் படம் அவர் கையை விட்டுப் போனது. பேருந்தே சிரித்தது. நான் வெட்கத்தை எங்கே விட்டேனோ தெரியவில்லை, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஊர் வந்ததும் நாலு பேர் சேர்ந்து சுருட்டிக் கொடுத்தார்கள். அன்று சாயங்காலமே மாட்டிவிடலாம் என்று தோழி ஸ்டூலில் ஏறினாள். ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்குவாள், உடனே "துணி வரைய..." என்று ஆரம்பித்துத் தானே சிரித்துவிடுவாள். கீழே நின்று ஸ்டூலைப் பிடித்திருந்த எனக்கும் தாங்காது. முதல் இரண்டு ஆணிகள் வளைந்து, மூன்றாவதுதான் சுவரில் இறங்கியது; மறுமூலைக்கும் ஒன்று அடித்தோம். படம் இடப்பக்கம் இரண்டு விரல் தாழ்ந்திருக்கிறது. சரிசெய்ய இருவருக்குமே மனமில்லை.