ஏழு நிமிடம், நாற்பது விநாடி

இது கட்டிவிட்ட கதை இல்லை. நம்பாதவர்கள் விருத்தாசலம் வந்து தமிழ்செல்வனின் இடது மணிக்கட்டைப் பார்க்கலாம். வட்டமாக ஒரு தீக்காயத் தழும்பு இருக்கும். எப்படி வந்தது என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். மணி என்ன என்று கேட்டாலோ, எழுந்தே போய்விடுவார்.

இத்தனைக்கும் மனிதர் கடிகாரப் பைத்தியம். நாற்பத்தாறு வயது, செராமிக் பொம்மைக் கம்பெனி ஒன்றில் சூளை மேஸ்திரி. வீட்டில் பழைய கைக்கடிகாரங்கள் பத்துப் பதினைந்து கிடக்கும். "வூட்டுல இத்தன கடிகாரம் இருக்குது, ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்ல" என்று மனைவி அன்புக்கரசி சொல்லிக் காட்டாத நாளில்லை.

போன ஆவணியில் நெய்வேலியில் ஒரு ரஷ்யக் கடிகாரம் விற்பனைக்கு இருப்பதாகத் தகவல் வந்தது. அனல்மின் நிலைய வேலைக்கு வந்த ரஷ்ய இன்ஜினியர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனதாம். போட்டோவைப் பார்த்ததுமே தமிழ்செல்வனுக்குக் கை பரபரத்தது. கறுப்பு முகம், அதற்குள் இரண்டு குட்டி வட்டங்கள். பக்கத்தில் ஒரு பொத்தானை அமுக்கினால் நீளமான முள் ஓட ஆரம்பிக்கும். மறுபடி அமுக்கினால் நிற்கும். ஓடிய நிமிடங்களைக் குட்டி வட்டம் ஒன்று காட்டும். இந்த ரகத்தைக் கட்டிக்கொண்டு ரஷ்ய வீரர்கள் விண்வெளிக்கே போயிருக்கிறார்கள். விடுவாரா மனிதர்? மறுநாளே பஸ் ஏறிவிட்டார்.

விற்றவர் கமலம் என்ற அம்மாள். கணவர் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கடிகாரத்தை அவர் கையில் தரவில்லை. பீரோவிலிருந்து துணியோடு எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார். சொன்ன விலையில் பாதி கேட்டதற்கும் உடனே தலையாட்டினார். வாசலைத் தாண்டிய தமிழ்செல்வன் திரும்பிப் பார்த்தபோது, அந்த அம்மாள் குழாயடியில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தார்.

அப்போது அது பெரிதாகத் தோன்றவில்லை.

முதல் நாள் மாலை 4.10. யாரும் பொத்தானைத் தொடவில்லை. நீளமான முள் தானாகக் கிளம்பியது. சுற்றிச் சுற்றி ஓடி, 4.17 தாண்டி நாற்பதாவது விநாடியில் நின்றது. ஏழு நிமிடம், நாற்பது விநாடி. மறுநாளும் அதே 4.10. அதே ஏழு நிமிடம், நாற்பது விநாடி.

கடைவீதியில் கடிகாரம் பழுது பார்க்கும் ராஜமாணிக்கத்திடம் கொண்டுபோனார். அவர் பின்மூடியைத் திருகிக் கழற்றி, கண்ணில் லென்ஸை வைத்துப் பார்த்தார்.

"மிஷினு நல்லாத்தான் இருக்குது மேஸ்திரி. ஆனா உள்ள என்னங்க இது, வெள்ளையா மாவு?"

தமிழ்செல்வன் அதை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். இருட்டில் கொடுத்தாலும் அவருக்குத் தெரியும். பீங்கான் களிமண். நெய்வேலியில் பீரோவுக்குள் கிடந்த கடிகாரத்துக்குள் அது எப்படி வந்தது? யோசித்தார். பிறகு, கடிகாரத்தின்மேல் இருந்த ஆசையில், யோசிப்பதை விட்டுவிட்டார்.

ஐந்தாம் நாள். கொலு பொம்மை ஏற்ற சென்னை லாரி வந்து நின்றது. சூளை இன்னும் முழுதாக ஆறவில்லை.

"நாளைக்குத்தாங்க பிரிக்கணும்" என்றார் தமிழ்செல்வன்.

"லாரி நிக்குது மேஸ்திரி. நீ நெனைச்சா முடியும்" என்றார் முதலாளி.

அங்கேதான் தப்பு நடந்தது. முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

சூடு ஆறாத சூளையில் இறங்க ஒரு முறை உண்டு. ஒருவர் நனைந்த சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே போவார். மேஸ்திரி கடிகாரத்தோடு வாசலில் நிற்பார். மூன்று நிமிடம்தான் கணக்கு. காற்றடிக்கும் பெரிய ஃபேன் இரைச்சலில் கூப்பிட்டால் கேட்காது. அதனால் மேஸ்திரி ஒரு கம்பியால் இரும்புத் தகட்டில் மூன்று தட்டு தட்டுவார். உள்ளே இருப்பவர் கைச்சுத்தியலால் சுவரில் ஒரு தட்டு தட்ட வேண்டும். 'நல்லா இருக்கேன், வரேன்' என்று அர்த்தம். பதில் வந்தால் வெளியே நிற்பவர் உள்ளே போகக் கூடாது. பதில் வராவிட்டால் ஓட வேண்டும்.

உள்ளே போக வேண்டியவன் இனியவன். அன்புக்கரசியின் தம்பி. இருபத்தேழு வயது. மனைவிக்கு ஏழாம் மாதம். "நீங்க இருக்கீங்கன்னுதான் அவன அங்க வுடுறேன்" என்று அன்புக்கரசி தமிழ்செல்வனிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறாள்.

இனியவன் சாக்கைப் போர்த்திக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிரித்தான். "மாமா, கடிகாரத்துக்கு ஏத்த ஆளு நான்தான். ஆகாசத்துல நடக்கப் போறவன் மாதிரி இருக்கேன் பாருங்க."

"வாய மூடிட்டுப் போடா மாப்ள" என்று தமிழ்செல்வனும் சிரித்தார்.

மணி 4.05. முதல் தடவை எல்லாம் ஒழுங்காக நடந்தது. மூன்று நிமிடம். டங்... டங்... டங். உள்ளேயிருந்து டொக். தட்டு நிறையப் பொம்மைகளோடு வெளியே வந்தான். தண்ணீர் குடித்தான். சாக்கை மறுபடி நனைத்துக்கொண்டு உள்ளே போனான்.

தமிழ்செல்வன் பொத்தானில் விரலை வைத்தார்.

முள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

மணி சரியாக 4.10. தெரியாமல் அமுக்கிவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மூன்று நிமிடம். டங்... டங்... டங்.

டொக்.

நல்லது. வருகிறான்.

வரவில்லை.

நான்காவது நிமிடம். டங்... டங்... டங்.

டொக்.

பதில் வந்துவிட்டது. உள்ளே போகக் கூடாது. ஆனால் சத்தம் முன்பைவிடப் பக்கத்தில் கேட்டது... வாசலுக்கு அந்தப் பக்கமே யாரோ நிற்பதுபோல. எட்டிப் பார்த்தார். இருட்டு. அனல் முகத்தில் அறைந்தது.

ஐந்தாவது நிமிடம். டங்... டங்...

டொக்.

மூன்றாவது தட்டை அவர் இன்னும் தட்டவே இல்லை.

"இனியா!" என்று கத்தினார். ஃபேன் இரைந்தது. பதில் வந்திருக்கிறதே, வருவான், வருவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முள் ஓடியது.

ஆறாவது நிமிடம். கம்பியை ஓங்கினார்.

தட்டவில்லை.

டொக்.

கம்பியைப் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தார்.

அனல். இருட்டு. காலில் ஏதோ தட்டியது. குனிந்து தடவினார். சாக்கு... தோள்... இனியவன் குப்புறக் கிடந்தான். அக்குளில் கைகொடுத்து இழுத்தார். மணிக்கட்டில் கடிகாரம் பழுக்கக் காய்ந்து தோலைக் கடித்தது. விடவில்லை. இழுத்தார்...

வெளியே வந்து விழுந்தார். இனியவன்மேல் யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். மூச்சில்லை... மூச்சில்லை... பிறகு ஒரு இருமல்.

அந்த இருமலோடு முள் நின்றது.

ஏழு நிமிடம், நாற்பது விநாடி.

தமிழ்செல்வன் குழந்தைபோல் அழுதார். அழுதபடியே வாசலைப் பார்த்தவருக்கு அழுகை நின்றது. தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் இனியவனின் கைச்சுத்தியல் கிடந்தது. இரண்டாம் தடவை அவன் அதை எடுத்துக்கொண்டே போகவில்லை.

ஆஸ்பத்திரியில் மறுநாள்தான் இனியவனால் பேச முடிந்தது.

"போனதுமே விழுந்துட்டேன் மாமா. கை கால் வரல. நீங்க தட்டுனது கேட்டுச்சு."

"அப்ப பதிலு...?"

இனியவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"பக்கத்துல யாரோ உக்காந்திருந்தாங்க மாமா."

விபத்து நடந்து நான்காம் நாள் தமிழ்செல்வன் நெய்வேலிக்குப் போனார். கமலம் கதவைத் திறந்தார். அவர் கண் முதலில் போனது தமிழ்செல்வனின் மணிக்கட்டில் இருந்த கட்டின்மேல். தமிழ்செல்வன் கடிகாரத்தைத் துணியோடு எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"பதில் வந்துச்சுங்களா?" என்று கேட்டார் கமலம்.

தமிழ்செல்வன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க சூளைக்காரருன்னு அன்னிக்குச் சொல்லலியேங்க" என்றார் கமலம். "எங்க வூட்டுக்காரரும் கொஞ்ச நாளு விருத்தாசலத்துல சூளையிலதான் நின்னாரு. இந்தக் கடிகாரத்தக் கட்டிக்கிட்டு. உள்ள போனது அவரு கூடப் பொறந்த தம்பி. ஏழு நிமிஷம் நாப்பது செகண்டு வெளியவே நின்னுட்டாரு. அந்தச் சூளைய இடிச்சே இருவது வருஷம் ஆவுது."

"ஏங்க அவரு உள்ள போவல?"

"தட்டுன ஒவ்வொரு தடவையும் பதில் வந்துச்சாம். சாவுற வரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. யாரும் நம்பல. நானும் நம்பலைங்க."

"ஏன் நம்பல?"

கமலம் கடிகாரத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"உள்ள போன மொத நிமிஷத்துலயே தம்பி உசுரு போயிருச்சுன்னு டாக்டரு எழுதிக் குடுத்துட்டாரே."