சீல் பார்ப்பவர்

உலக வணிகத்தை நேரில் காட்டலாமென்று யட்டவத்தயிலிருந்து என் வகுப்புப் பிள்ளைகளைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனேன். எங்களுக்குச் சுற்றிக்காட்டியவரின் வேலை, கப்பலேறும் கொள்கலன்களின் கதவில் போட்ட ‘சீல்’ என்ற பூட்டு முத்திரையைச் சரிபார்ப்பது. கட்டையான மனிதர், சட்டைப் பையில் நான்கு பேனா. ஒவ்வொரு சீலையும் இரண்டு தரம் இழுத்துப் பார்த்த பிறகுதான் பேசுவார்.

“உள்ள என்ன இருக்குன்னு பார்ப்பீங்களா சேர்?” என்றான் ஒருவன்.

“இருபது வருஷமா ஒண்ணையும் திறந்ததில்ல தம்பி. சீலை நம்பித்தான் உலகமே வியாபாரம் செய்யுது.”

பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். நானும்தான்.

வீட்டு முற்றத்தில் மிளகு காயவைத்தே வளர்ந்த மாணவி ஒருத்தி, ஒரு கொள்கலப் பெட்டியின் காற்றுத் துவாரத்தில் மூக்கை வைத்தாள்.

“இது மிளகு சேர். சரியாக் காயல. போய்ச் சேர்றதுக்குள்ள பூஞ்சணம் பிடிச்சிரும்.”

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். மிளகுதான். சீலை இரண்டு தரம் இழுத்தார்.

“சீல் சரியா இருக்கு மகள்.”

பெட்டி கப்பலேறியது. நாங்கள் நன்றி சொல்லிக் கிளம்பினோம்.

பஸ் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் அடுத்த பெட்டியின் துவாரத்தில் மூக்கை வைத்து நெடுநேரம் நின்றார். என்ன மணந்ததோ, தெரியாது. பிறகு சீலை இரண்டு தரம் இழுத்தார்.