வெள்ளிக்கிழமைகளில் ஒலி அமைத்த எங்கள் அப்பா

அப்பா இறைவனிடம் சென்று ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் அனைவருக்கும் மூத்த மகளின் வணக்கம். அப்பா ஷார்ஜாவில் ‘கம்ப்யூட்டர் வேலை’ பார்த்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். என்ன வேலை என்று கேட்டால் எங்கள் அத்தைமார் இன்றைக்கும் கையை விரிப்பார்கள். அதைச் சொல்லாமல் அப்பாவைப் பற்றி எழுத முடியாது.

அப்பா பிறந்தது குளச்சலை அடுத்த கடற்கரை ஊரில். கடல் அவருக்கு ஒத்துவரவில்லை. கட்டுமரத்தில் ஏறினாலே வாந்தி. “இவன் கரையில கிடந்து பிழைக்கட்டும்” என்று தாத்தா பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட்டார். சென்னையில் டிவி பழுதுபார்த்துக்கொண்டே, யாரும் சொல்லித்தராமல் புரோகிராம் எழுதக் கற்றார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஷார்ஜாவுக்கு விமானம் ஏறினார்.

டிவியில் இணைத்து விளையாடும் அந்தக் கால வீடியோ கேம் பெட்டிகளுக்கு விளையாட்டுகள் தயாரித்த சிறிய கம்பெனி அது. தொழில்பேட்டையில் ஒரு கார் பட்டறையின் மாடியில் இருந்தது. இசையும் வெடிச்சத்தமும் பெட்டியிலிருந்து வரச்செய்யும் புரோகிராம் அப்பாவின் பொறுப்பு. அந்தப் பெட்டிக்கு ஒரே சமயத்தில் மூன்று குரல்கள்தான், அதாவது மூன்று தனித்தனி ஒலிகள்தான். இசைக்கே மூன்றும் வேண்டும். இடையில் ஏதாவது வெடித்தால் ஒரு குரலைப் பிடுங்கித்தான் வெடிக்குக் கொடுக்க வேண்டும்.

கீழே தகரம் தட்டுகிற சத்தத்தில் எதையும் கேட்டுச் சரிபார்க்க முடியாது. பட்டறை மூடியிருக்கும் வெள்ளிக்கிழமைதான் வழி. அங்கே நம் மக்கள் தேவாலயத்தில் பூசைக்குப் போவதும் வெள்ளிக்கிழமைதான். அப்பா பூசையை விட்டார். காரணம் இருந்தது. விசாவில் அவருடைய வேலை ‘எலக்ட்ரீஷியன்’. அந்த விசாவில் குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாது. இந்த விளையாட்டு நன்றாக வந்தால் ‘புரோகிராமர்’ என்று மாற்றித் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். எங்களைக் கூட்டிக்கொள்ளத்தான் அத்தனை வெள்ளிக்கிழமைகளும்.

முதலாளிக்கு விளையாட்டை ஓட்டிக் காட்டிய நாளில் மானம் போனது. வெடிக்காக நிறுத்திய குரல், சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து பாடியது. மற்ற இரண்டும் அதற்குள் முன்னே போய்விட்டன. நாலைந்து வெடிக்குப் பிறகு மூன்றும் மூன்று பக்கம் இழுத்தன. இது அப்பாவுக்கு ஏன் முன்பே தெரியவில்லை? அவருக்கு விளையாடத் தெரியாது. முதல் கட்டத்திலேயே செத்துப்போவார். இரண்டாவது வெடியை அவர் கேட்டதே இல்லை! முதலாளியோ நன்றாக விளையாடுவார். “கலாஸ், பாய், முடிஞ்சுது. அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்று எழுந்துபோய்விட்டாராம்.

நிறுத்திய குரலும் உள்ளுக்குள் சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டே போய், இடம் கிடைத்ததும் மற்றவற்றோடு சேர்ந்துகொள்ளும்படி அப்பா திருத்தி எழுதினார்.

அந்த வருடம் லீவில் வந்தார். என்னைத் தூக்கி, “மக்களே, அ, ஆ படிச்சிட்டியா?” என்றார். நான் திமிறி இறங்கி அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

“அவ மூணாங்கிளாஸ். பைபிளே வாசிக்கா. நீங்க எங்க விட்டுட்டுப் போனியளோ அங்கயே நிக்கிய,” என்றார் அம்மா.

அப்பா, “புரோகிராம்ல செஞ்ச தப்பத்தான் வீட்லயும் செஞ்சிருக்கேன்,” என்றார். அம்மாவுக்கு அது விளங்கவில்லை.

அதன்பின் வாரந்தோறும் டெலிபோன் பூத்துக்கு எங்களை வரச்சொல்லி, வகுப்பில் எந்தப் பாடம் நடக்கிறது என்பதுவரை விசாரிப்பார். நான் “ம்” என்பேன். அந்த ‘அடுத்த வருஷம்’ ஐந்து வருஷமாக இழுத்து, விசா மாறி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நான் எட்டாம் வகுப்பு. தம்பி அங்கேதான் பிறந்தான். அவனுக்குக் கிடைத்த அப்பா எனக்குக் கிடைக்கவில்லை. அந்த ஏக்கம் இன்றும் எனக்கு உண்டு.

பாட்டை அப்படியே பதிந்து போடும் பெட்டிகள் வந்ததும் அந்த வேலைக்குத் தேவை இல்லாமல் போக, அப்பா லிஃப்ட் கம்பெனி ஒன்றில் புரோகிராமராகச் சேர்ந்து ஓய்வு பெற்றார். முன்கோபக்காரர். கோவிலில் பாடற்குழு தாளம் தப்பினால் திரும்பிப் பார்த்து முறைப்பார். அவர்கள் மன்னித்திருப்பார்கள் என்று நம்புகிறோம்.

இருதயம் தளர்ந்து ஷார்ஜா மருத்துவமனையில் கிடந்த கடைசி நாளில், அங்கேயே நர்ஸாக வேலை பார்க்கும் என்னைப் பார்த்து, “டூட்டிக்கு நேரமாச்சு, போ மக்களே” என்றார். நான் போகவில்லை. என் கையைப் பிடித்தபடியே கண்மூடினார்.

உடலை ஊருக்கு அனுப்பத் தாள்களுடன் அலைந்த நண்பர்களுக்கும், பங்குத்தந்தைக்கும், தெரு ஜெபக்குழுவான அன்பியத்தாருக்கும், கல்லறைவரை உடன் வந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி.

இன்னும் சிலருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர்கள் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. சவக்கிடங்கு வாசலில் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். “நீ மூத்தவதான? அந்தக் காலத்துல உங்கப்பாவும் நாங்களும் ஒரே ரூம்மா. உனக்கு மொதப் பல்லு விழுந்ததுக்கு ரூம்ல எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தாரு உங்கப்பா,” என்றார். நான் அழுது முடிப்பதற்குள் கூட்டத்தில் போய்விட்டார்.

ஐயா, அந்த அறையில் அப்பாவோடு ஒரே சட்டியில் சாப்பிட்டவர்களே, இந்த மலர் உங்கள் கைக்கு வந்தால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அந்த வருடங்களில் அப்பா எப்படி இருந்தார் என்று எனக்குச் சொல்லுங்கள்.