பாக்கியிருந்த ஒன்பது விநாடி

என் அண்ணியை முகம் பார்த்து அடையாளம் சொல்பவர்கள் எங்கள் ஊரில் குறைவு. வாயைத் திறந்தால் போதும், பால்காரர் முதல் பள்ளிக்கூடப் பிள்ளை வரை திரும்பிப் பார்ப்பார்கள். பேருந்து நிலையத்து அறிவிப்பு அறையில் இருபத்திரண்டு வருடமாக மைக் முன்னால் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். பக்கத்து விசாரணை ஜன்னல் என்னுடையது. அண்ணி ஒலிபெருக்கியில் ஊருக்கே சொன்னதை, கேட்காத மாதிரி வந்து நிற்கும் ஒவ்வொருவருக்கும் திரும்பச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டிலும் கிட்டத்தட்ட அதே வேலைதான். அண்ணனுக்குக் காது கொஞ்சம் மந்தம். அண்ணியோடு வாழ்ந்ததால் மந்தமானதா, மந்தமானதால்தான் வாழ முடிகிறதா என்று நான் இதுவரை கேட்டதில்லை.

இப்படிப்பட்டவர் கூடைப்பந்துக்குள் வந்தது ஒரு சண்டையால். கல்லூரியின் விளையாட்டு அரங்கம் எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி இருக்கிறது. பதினாறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பந்து தரையில் தட்டும் சத்தத்தில் தூக்கம் கெட்டு, நறுக்கென்று நாலு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பினார். தொண்டை கட்டியிருந்தது.

"நல்லா கேட்டீங்களா அண்ணி?" என்றேன்.

"ரெண்டு பாயிண்ட்ல தோத்துட்டாங்க தம்பி. அந்த நடுவருக்குக் கண்ணே தெரியல," என்றார்.

அன்றிலிருந்து கல்லூரிப் பெண்கள் அணியின் எந்த ஆட்டத்தையும் அவர் விட்டதில்லை. கேலரியின் முதல் வரிசையில் நாங்கள் நால்வர்: அண்ணி, நான், மெத்தைக்கடைக்காரர், பல் டாக்டர். மெத்தைக்கடைக்காரருக்கு எல்லாப் புள்ளிவிவரமும் மனப்பாடம். தன் கல்யாண நாள் மட்டும் மறந்துபோகும். டாக்டர் அதிகம் பேசமாட்டார். மற்றவர்களைப் பேசவிடாமல் வாயைத் திறக்க வைப்பதே பிழைப்பாகிவிட்டதால், விளையாட்டுக்கு வந்தால் ஓய்வெடுக்கிறார் என்று நினைக்கிறேன்.

எங்கள் வரிசைக்கு ஒரு கைவரிசை உண்டு. நல்ல பழக்கம் என்று சொல்ல மாட்டேன். கூடைப்பந்தில் பந்தை வைத்திருக்கும் அணி இருபத்துநான்கு விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். எதிரணியிடம் பந்து இருக்கும்போது, இன்னும் பத்து விநாடி பாக்கி இருக்கையிலேயே அண்ணி "அஞ்சு, நாலு, மூணு" என்று எண்ண ஆரம்பிப்பார். கேலரி மொத்தமும் சேர்ந்துகொள்ளும். வெளியூர்ப் பெண்கள் நேரம் முடிந்துவிட்டதென்று பதறி, கண்ட இடத்திலிருந்து எறிவார்கள். இந்த வருடம் மட்டும் பதினோரு முறை ஏமாந்தார்கள் என்று மெத்தைக்கடைக்காரரிடம் கணக்கு இருக்கிறது.

இறுதி ஆட்டம் ஒரு சனிக்கிழமை எங்கள் அரங்கிலேயே நடந்தது. ஆட்டம் முடியப் பதினைந்து விநாடி, ஒரு பாயிண்ட் பின்தங்கியிருந்தோம். பந்து எதிரணியிடம். அண்ணி வழக்கம்போல் எண்ணத் தொடங்கினார், கேலரியும் தொடங்கியது. எதிரணிப் பெண் பதறிப் போய்த் தப்பாகப் பந்தைத் தள்ள, எங்கள் எட்டாம் நம்பர் அதைத் தட்டிப் பறித்துக்கொண்டு ஓடினாள். கேலரி எண்ணுவதை விட்டுவிட்டு எழுந்து நின்று கத்தியது. அண்ணியின் வாய் மட்டும் நிற்கவில்லை. "மூணு, ரெண்டு, ஒண்ணு" என்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அரங்கத்தில் இருக்கும் ஒரே கடிகாரம் எட்டாம் நம்பரின் முதுகுக்குப் பின்னால். முன்னால் ஒருவரும் இல்லை, கூடை திறந்து கிடக்கிறது. ஆனால் அவள் நட்டநடுவில் நின்று, அங்கிருந்தே பந்தை வீசினாள். பலகையின் ஓரத்தில் பட்டு எதிரணியிடம் போன பந்து பிறகு எங்களிடம் வரவே இல்லை. அவள் வீசியபோது ஆட்டம் முடிய இன்னும் ஒன்பது விநாடி பாக்கி இருந்தது.

அண்ணி என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

தோற்றாலும் ஜெயித்தாலும் மறுநாள் மெத்தைக்கடையில் கூடுவது எங்கள் வழக்கம். ஞாயிறு கடை விடுமுறை. நீளமான கடை, இரண்டு பக்கமும் மெத்தைகள், நடுவில் நடைபாதை. ஆளுக்கொரு மெத்தையில் உட்கார்ந்துகொள்வோம். பிளாஸ்டிக் உறையைக் கழற்றக் கூடாது என்பது கடைக்காரரின் சட்டம் என்பதால் யார் அசைந்தாலும் கிறீச்சென்று கேட்கும்.

"அந்தப் பொண்ணு ஒரு கோழைங்க," என்றார் மெத்தைக்கடைக்காரர். "ஒன்பது விநாடி. நடந்தே போய்ப் போட்டிருக்கலாம். நானே போட்டிருப்பேன்."

அவர் எழுந்து நிற்பதற்கே ஒன்பது விநாடி ஆகும். வேறொரு நாளாக இருந்தால் அண்ணி அதைச் சொல்லாமல் விட்டிருக்க மாட்டார். அன்றைக்கு உறையின் சுருக்கத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். நான் என்ன செய்தேன் என்று கேட்டால், தலையாட்டினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆட்டினேன்.

வியாழக்கிழமை மெத்தைக்கடைக்காரர் போன் செய்தார். எட்டாம் நம்பர் அடுத்த வருடம் ஆட மாட்டேன் என்று கோச்சிடம் சொல்லிவிட்டாளாம். பெயர் கொடுக்கத் திங்கள்கிழமை கடைசி நாள். "போனா போகட்டும்," என்றார். இதை நான் அண்ணியிடம் சொன்னபோது அவர் டிபன் பாக்ஸை மூடிவிட்டார். பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை மாலை, கையில் பெரிய பையோடு எட்டாம் நம்பர் ஆறாவது நடைமேடைக்கு வந்தாள். விடுதியில் தங்கிப் படிக்கிற பெண். வாராவாரம் ஊருக்குப் போவாள். கண்ணாடி வழியாகப் பார்த்த அண்ணி சுவிட்சை அழுத்தினார். "பயணிகள் கவனத்திற்கு. ஆறாம் நடைமேடையில் பச்சைப் பையுடன் நிற்கும் பெண் அறிவிப்பு அறைக்கு உடனே வரவும்." சுவிட்சை அணைத்தார். "தம்பி, நீங்களும் வாங்க. தனியா என்னால ஆகாது."

விசாரணை ஜன்னலில் 'ஐந்து நிமிடத்தில் வருவேன்' அட்டையை மாட்டிவிட்டுப் போனேன். அறையில் இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி, நேர அட்டவணை, மைக். எட்டாம் நம்பர் உட்காரவில்லை.

"கண்ணு, அன்னிக்கு அந்த ஆட்டத்துல," என்று ஆரம்பித்த அண்ணி மணியைப் பார்த்தார். சுவிட்ச். "நான்காம் நடைமேடையில் நிற்கும் விரைவுப் பேருந்து இன்னும் சில நிமிடங்களில் புறப்படும்." அணைத்தார். "அன்னிக்குக் கடைசியா எண்ணினது..."

"நீங்கதான். தெரியும்க்கா," என்றாள் அவள்.

அண்ணி சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்தார். நான்தான் கேட்டேன். "எப்படிம்மா தெரியும்?"

"மூணு வருஷமா இந்தக் குரலைக் கேட்டுத்தான் பஸ் ஏறுறேன். எனக்குத் தெரியாதா? நீங்க அவங்களுக்குப் பொய்யா எண்ணுவீங்கன்னும் தெரியும். ஆனா பந்து என் கைக்கு வந்த அப்புறமும் எண்ணினீங்க. அப்ப அது எனக்குத்தான், நெசமான நேரம்தான்னு நெனச்சேன். பஸ் ஸ்டாண்டுல நீங்க நேரத்தைத் தப்பாச் சொல்லி நான் கேட்டதே இல்லயே."

"அப்ப ஏன்டா கண்ணு யார்கிட்டயும் சொல்லல?" என்றார் அண்ணி.

"சொன்னா உங்கள கேலரில உக்கார விட்டிருப்பாங்களா?"

"கோவமே வரலயா?"

"வந்துச்சு. இன்னும் இருக்கு. விடுதில என் ரூம் கதவுல எவளோ காகிதத்துல கடிகாரம் வரைஞ்சு ஒட்டி வச்சிருக்கா. தெனமும் கிழிக்கிறேன், தெனமும் ஒட்டுறா. அதான் போதும்னு விட்டுட்டேன்."

அண்ணியின் கை மறுபடி சுவிட்சுக்குப் போனது. இந்த முறை அட்டவணையில் எந்தப் பேருந்தும் இல்லை. அது அரசாங்க மைக். நடந்ததை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டால் அண்ணி திங்கள்கிழமை அந்த நாற்காலியில் இருக்க மாட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் எட்டாம் நம்பர் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுல வேணாம்க்கா. வேலை போயிடும். அப்புறம் நான் யாரைக் கேட்டுப் பஸ் ஏறுறது? சொல்றதுன்னா என்னைத் திட்டினவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க."

"ஞாயித்துக்கிழமை மெத்தைக்கடையில சொல்றேன். நீயும் வா," என்றார் அண்ணி. பிறகு அவளுடைய பேருந்தையே அறிவிக்க வேண்டியிருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக அந்த மைக்கில் குரல் கரகரத்தது. ஒரு நடத்துனர் எட்டிப் பார்த்து, "சளியாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி மெத்தையில் உட்காரவே இல்லை. நடைபாதையில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார். சுருக்கமாக, நேரம் குறிப்பிட்டு, ஒரு வார்த்தை விடாமல். எனக்கும் தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதை நானே சொன்னேன்.

பல் டாக்டர்தான் முதலில் பேசினார். "நாங்களும்தானேம்மா எண்ணினோம். நாங்க நிறுத்தினோம், உங்களுக்கு நிக்கல. அவ்வளவுதானே வித்தியாசம்?" அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

மெத்தைக்கடைக்காரரின் முகம் சிவந்திருந்தது. "கடைக்கு வந்தவங்ககிட்ட எல்லாம் அந்தப் பொண்ணைக் கோழைன்னு சொன்னேன். மெத்தை வாங்க வந்தவன்கிட்டகூட."

"தெரியும்," என்றது வாசலில் ஒரு குரல். எட்டாம் நம்பர் நின்றிருந்தாள். ஊரிலிருந்து நேராக வந்திருக்கிறாள். பச்சைப் பை தோளிலேயே இருந்தது. மெத்தைக்கடைக்காரர் எழுந்து, "தப்பு பண்ணிட்டேன்மா," என்றார். எழுந்திருக்க ஒன்பது விநாடி ஆகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"அடுத்த வருஷம் நான் அங்க வரல," என்றார் அண்ணி அவளிடம். "இந்த வாயை வச்சுக்கிட்டு வரக்கூடாது. நீ ஆடு. திங்கக்கிழமை போய்ப் பேரைக் குடு."

எட்டாம் நம்பர் பையைக் கழற்றி வைத்தாள். பக்கத்து அடுக்கிலிருந்து ஓர் உருண்டைத் தலையணையை எடுத்து, வாசலுக்கு முதுகு காட்டி, நடைபாதையின் இந்த முனையில் நின்றாள்.

"எண்ணுங்க. ஒன்பதுலேர்ந்து. நெசமா."

அண்ணி தலையை ஆட்டி மறுத்தார். அவள் அப்படியே நின்றாள்.

"ஒன்பது," என்றார் அண்ணி. அவள் ஓடினாள். "எட்டு." இரண்டு பக்கமும் மெத்தைகள் கிறீச்சிட்டன. நாங்கள் எழுந்துவிட்டோம். "ஏழு." கடையின் மறுகோடி வந்துவிட்டது. "ஆறு." அங்கே நின்றாள். நின்று, மூச்சு வாங்கி, தலைக்கு மேல் உயரத்துக்கு அடுக்கிய மெத்தைகளை அண்ணாந்து பார்த்தாள். "அஞ்சு." குதித்துத் தலையணையை உச்சியில் வைத்தாள். அது அங்கேயே நின்றது. மெத்தைக்கடைக்காரர் கை தட்டினார். அண்ணி நிறுத்தவில்லை. கண்ணில் நீர் வழிய, ஒவ்வொரு விநாடியையும் அதன் அளவில் சொன்னார். "நாலு. மூணு. ரெண்டு. ஒண்ணு."

"இவ்வளவு நேரம் இருந்துச்சா?" என்றாள் எட்டாம் நம்பர். சிரித்தாள். "நாளைக்குப் பேர் குடுத்துடுறேன். ஆனா பந்து என் கையில இருக்கும்போது வேற யாரும் எண்ணக்கூடாது. நீங்க மட்டும்தான்."

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எண்ணறேன்," என்றார். "ஆனா நீயும் ஒரு தடவ திரும்பிக் கடிகாரத்தைப் பாத்துக்கோ கண்ணு."