மேடு ஏறாத கன்வெர்ட்டர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு வாரம். பாளையங்கோட்டையில் ஆட்டோமேட்டிக் கார்களுக்கு கியர்பாக்ஸ் பார்க்கும் பட்டறையை அப்போதுதான் போட்டிருந்தேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டு மும்பைக்கு ரயிலேறியவன் நான். அங்கே கார்களுக்கு அடியிலேயே வேலை, அடியிலேயே தூக்கம். பிறகு புனே, ஷார்ஜா, பெங்களூரு. எந்த ஊரிலும் நிலைத்ததில்லை. ஆனால் கியர்பாக்ஸைக் கழற்றி மாட்டுவதில் எனக்குச் சமமாக இந்தப் பக்கம் ஆள் இல்லை என்று நினைத்தேன். இப்போதும் ஏறக்குறைய அப்படித்தான் நினைக்கிறேன்.

கூடங்குளம் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து ஒரு பெண் தன் பெட்ரோல் காரைக் கொண்டுவந்தார். மீன்பிடி வள்ளங்களின் இஞ்சின்களைப் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். சிறு வயதில் வந்த போலியோவால் இடது கால் சூம்பிவிட்டது. கிளட்ச் மிதிக்க முடியாது என்பதால்தான் ஆட்டோமேட்டிக். இந்தக் கார் ஓடாவிட்டால் கரையிலிருந்து இஞ்சின்களை எடுத்துவர வழியில்லை, கடையை மூட வேண்டியதுதான்.

டார்க் கன்வெர்ட்டர் போயிருந்தது. இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே, ஆயிலைச் சுழற்றி சக்தியைக் கடத்தும் உருண்டையான பாகம் அது. புதியது வர மாதக்கணக்காகும் என்றார்கள். மதுரையில் பழைய பாகங்கள் விற்குமிடத்தில் இதே மாடலின் டீசல் கார் கன்வெர்ட்டர் கிடைத்தது. போல்ட் ஓட்டை, பல் எல்லாம் அச்சு அசலாகப் பொருந்தின. டீசலுடையது இன்னும் கெட்டிதானே, நல்லதுதான் செய்கிறோம் என்று மாட்டினேன். வாழைத் தோட்டங்களுக்கு நடுவே, மேடே இல்லாத ரோட்டில், ஸ்ரீவைகுண்டம் வரை ஓட்டிப் பார்த்தேன். கிளம்பும்போது கொஞ்சம் மந்தம். அப்புறம் சத்தமில்லாமல் ஓடியது.

நான்காம் நாள் போன் வந்தது.

"அண்ணாச்சி, வண்டி மேடு ஏற மாட்டேங்கு."

"ஆயில் செட்டாகணும்மா. பத்து நாள் ஓட்டுங்க."

"அந்தப் பத்து நாளும் இஞ்சின நான் தோள்லயா தூக்குவேன்? நீங்களே வந்து ஏத்திக் காட்டுங்க."

கோபத்தோடு பஸ் ஏறினேன். வள்ளங்கள் நிற்கும் கரையிலிருந்து ரோட்டுக்கு சிமென்ட் சாய்தளம், நல்ல செங்குத்து. பின்பக்கம் இரண்டு இஞ்சின்களை ஏற்றிவிட்டு நானே ஸ்டியரிங்கைப் பிடித்தேன். பாதி மேட்டில் முக்கி நின்றது. ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தும் கார் பைய பின்னால், கடலைப் பார்த்து உருள ஆரம்பித்தது. பிரேக்கில் ஏறி நின்றேன். வியர்வையில் சட்டை நனைந்துவிட்டது.

வலை உதறிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கத்தினார்: "அண்ணாச்சி, நங்கூரம் போடட்டா?"

கரையே சிரித்தது. அந்தப் பெண் மட்டும் சிரிக்காமல் ஜன்னலருகே வந்தார்.

"இஞ்சின் எத்தன சுத்துக்கு வந்தா நீங்க மாட்டுன சாமான் இறுக்கிப் பிடிக்கும்?"

மாட்டும்போது அதை நான் பார்க்கவே இல்லை.

"பாரம் ஏத்துத வள்ளத்துக்கு ஒரு புரொப்பல்லர், வெரசா ஓடுத வள்ளத்துக்கு வேற. ரெண்டும் ஒரே இஞ்சின்ல பொருந்தும். பொருந்துதேன்னு மாட்டுனா நடுக்கடல்ல நிப்போம். இதுவும் அதே சோலிதான அண்ணாச்சி?"

இருபது வருடத்தில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. காரை சமதளத்துக்கு இறக்கி, பிரேக்கை அழுத்திக்கொண்டு ஆக்சிலேட்டரை முழுக்கக் கொடுத்து, இஞ்சின் சுற்றைக் காட்டும் முள்ளைப் பார்த்தேன். மிகக் கீழேயே நின்றது. டீசல் இஞ்சின் குறைந்த சுற்றிலேயே இழுக்கும். அதற்கான கன்வெர்ட்டரும் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் இஞ்சினுக்குச் சுற்று ஏறினால்தான் பலம். நான் மாட்டியது அதை ஏறவிடவில்லை.

"தப்பு எம்மேலதாம்மா," என்றேன்.

கோயம்புத்தூரில் அலைந்து, பாக எண் பார்த்து, பெட்ரோல் காருக்குரிய கன்வெர்ட்டரையே எடுத்துவந்து மாட்டினேன். இந்தத் தடவை அதே சாய்தளத்தில் அவரே ஓட்டினார். கார் எங்கும் நிற்காமல் ஏறி, ரோட்டில் திரும்பி, கடையைப் பார்த்துப் போயேவிட்டது. என்னைக் கரையில் விட்டுவிட்டோம் என்பதுகூட அவருக்கு ஞாபகம் இல்லை. சந்தோஷமாக நடந்தேன்.

இப்போது யார் வந்தாலும், எங்கே ஓட்டுவீர்கள், என்ன பாரம், வழியில் எவ்வளவு மேடு என்று கேட்டபிறகுதான் கன்வெர்ட்டர் தேடப் போகிறேன். போன மாதம் ஒருவர், "வண்டியப் பாரும்னா எஞ் சாதகத்தயே கேக்கீரே வே!" என்று சலித்துக்கொண்டார். கடைசியில் பார்த்தால், தினமும் பாபநாசம் மலைமேல் ஏறி இறங்குகிறவர். என் கையை நான் இன்றும் நம்புகிறேன். ஆனால் இந்த வண்டி எந்த மேட்டில், யாரை வைத்துக்கொண்டு நிற்கும் என்று யோசிக்காமல் ஒரு போல்ட்டைக்கூட இறுக்குவதில்லை.