ஹேரா எப்படி மச்சாள் ஆனாள்

கடவுள் இல்லை என்று முப்பது வருடம் சந்தி சந்தியாக நின்று சொன்னவனுக்குக் கடைசியில் வாய்த்த தொழில், கடவுள்மாரின் பிறப்பையும் உறவுமுறையையும் உத்தியோகத்தையும் உயர்தரப் பரீட்சைக்குப் படிப்பிப்பது.

பாடத்தின் பெயர் கிரேக்க உரோம நாகரிகம். கிளிநொச்சியில் அதைப் படிப்பிக்க ஆள் இல்லாதபடியால்தான் அது என்னிடம் வந்தது. நான் பட்டதாரி அல்ல. என் பல்கலைக்கழகம் துண்டுப்பிரசுரம். வயல் கூலிகளுக்காக நோட்டீஸ் அடித்துத் திரிந்த காலத்தில், மதங்களின் தோற்றம் பற்றிய மலிவுப் பதிப்பு ஒன்று அட்டை இல்லாமல் என் கையில் கிடைத்தது. கிரேக்கக் கடவுளர் குடும்பம் முழுவதும் அதில் இருந்தது. பிறகு சண்டையில் ஒரு தரப்பு என்னைத் துரோகி என்று சிறையில் அடைத்தது. மற்றத் தரப்பு பயங்கரவாதி என்று அடைத்தது. இரண்டு இடத்திலும் சியூஸின் பிள்ளைகளை வரிசையாக எண்ணித்தான் நித்திரை கொண்டேன்.

தகரக் கொட்டிலுக்குள் வெந்து, வெண்கட்டித் தூள் தின்று, தொண்டை கட்டிப்போன தனியார் வகுப்பு ஆசிரியர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் வாசித்தால் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள்.

பிள்ளை விழுங்கியவர்

முதல் பாடம் எப்போதும் பரம்பரை. வானமாகிய யுரேனஸ் தன் பிள்ளைகளை வெளியே வரவிடாமல் பூமித்தாயின் வயிற்றுக்குள்ளேயே அமுக்கி வைத்திருந்தான். கடைசி மகன் குரோனஸ் அரிவாளால் தகப்பனை வெட்டி எல்லோரையும் விடுவித்தான். விடுவித்தவன் கதிரையில் ஏறினான். தன் பிள்ளை தன்னைக் கவிழ்த்துவிடும் என்ற பயத்தில், பிறக்கப் பிறக்கத் தன் பிள்ளைகளை விழுங்கினான். ஐந்து போயிற்று. ஆறாவது பிள்ளை சியூஸ். தாய் ரேயா ஒரு கல்லைத் துணியில் சுற்றிக் கணவனிடம் கொடுத்துவிட்டுப் பிள்ளையை ஒளித்தாள்.

இந்த இடம் வந்ததும் என் குரல் தானாக மேடைக் குரலாகிவிடும். விடுவிக்க வந்தவனே விழுங்குவதையும், தாய்மார் பிள்ளைகளை ஒளிப்பதையும் இந்த மண்ணில் நான் விளக்கவா வேண்டும்? வைக்கோல் போருக்குள்ளும் பங்கருக்குள்ளும் ஒளிக்கப்பட்டவர்களின் பிள்ளைகள்தானே எனக்கு முன்னால் இருக்கிறார்கள்? சொல்லி முடித்துவிட்டுக் காத்து நின்றேன். ஒரே ஒரு கேள்வி வந்தால் போதும், முப்பது வருடக் களைப்பும் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். கேள்வி முன் வாங்கில் இருந்த ஒரு பிள்ளையிடமிருந்து வந்தது.

"சேர், இது பகுதி ஒண்டுக்கு வருமோ, ரெண்டுக்கு வருமோ?"

மூன்றாவது பாடம்

வகுப்பில் இருந்தவர்கள் எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். சுகந்தி மட்டும் முப்பத்துநாலு வயது. வட்டக்கச்சியில் முன்பள்ளி ஆசிரியை. நிரந்தர நியமனத்துக்கு உயர்தரத்தில் மூன்று பாடம் ஒரே தடவையில் சித்தியடைந்திருக்க வேண்டும். போர் முடிந்த வருடம் அவள் பரீட்சை எழுதியிருக்க வேண்டியவள். அப்போது அவள் முள்ளுக்கம்பிக்குள், முகாமில் இருந்தாள். பிறகு இரண்டு தரம் எழுதினாள். தமிழும் புவியியலும் இரண்டு தரமும் கைகொடுத்தன, அரசியல் விஞ்ஞானம் இரண்டு தரமும் விழுந்தது. அடுத்த வருடம் நியமனத்துக்கான வயது கடந்துவிடும். ஆகவே இதுதான் கடைசித் தடவை.

அரசியலை விட்டுவிட்டு என்னிடம் ஏன் வந்தாய் என்று கேட்டேன். அரசியலுக்காக வாழ்க்கையைத் தொலைத்தவன் கேட்கக்கூடிய கேள்விதான். அவள் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, யோசிக்காமல் சொன்னாள்.

"அரசியல் என்னை ரெண்டு தரம் விழுத்திப்போட்டுது, சேர். கடவுளாவது தூக்கிவிடட்டும்."

ஒரே கந்தோர்

குரோனஸை வீழ்த்திய பிறகு சகோதரர் மூவரும் சீட்டுப் போட்டு உலகத்தைப் பிரித்துக்கொண்டார்கள். சியூஸுக்கு வானம், ஹேடிஸுக்குப் பாதாளம், பொசைடனுக்குக் கடல். பூமி மூவருக்கும் பொது. நிலநடுக்கமும் பொசைடனின் அலுவலகப் பொறுப்புத்தான் என்று கரும்பலகையில் எழுதினேன். முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கும் ஜெனிற்றா கொப்பியில் எழுதுவதை நிறுத்தினாள். ஆழிப்பேரலை அவளுடைய தகப்பனின் வீட்டையும் வள்ளத்தையும் கொண்டுபோனது அவள் பிறக்க முதல். ஆனாலும் அந்த வீட்டின் கதவு எந்தப் பக்கம் இருந்தது என்பது வரை அவளுக்குத் தெரியும்.

"கடலும் நடுக்கமும் ஒரே கந்தோர் எண்டால், நாங்கள் ஆரிட்டைச் சேர் போய் முறையிடுறது?"

ஸ்கந்தபுரத்திலிருந்து ஒரு தகப்பன்

குடும்ப மரத்தை வரைந்த அன்றுதான் வில்லங்கம் தொடங்கியது. குரோனஸ், ரேயா. அவர்களுக்குக் கீழே ஆறு பிள்ளைகள். சியூஸ் என்ற பெயரிலிருந்து, அதே வரிசையில் நின்ற ஹேராவுக்கு ஒரு கோடு இழுத்து, "மனைவி" என்று எழுதினேன். ஒருத்தி கோடு மாறிவிட்டது என்று நினைத்து, மெதுவாகத் தன் கொப்பியில் அதை அழித்தாள்.

அடுத்த நாள் ஸ்கந்தபுரத்திலிருந்து ஒரு தகப்பன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஒரு காலத்தில் என் கூட்டங்களுக்கு வந்து கடைசி வரிசையில் நின்றவர், இப்போது கோயில் சபையில் இருக்கிறார். பாடத்திட்டத்தைக் காட்டினேன். கிரேக்கச் சனமே தங்கள் வீட்டில் அப்படிச் செய்யவில்லை, கடவுளுக்குச் சமமான சம்பந்தம் வெளியில் கிடைக்காது என்பதற்காகக் கட்டிய கதை இது என்று விளங்கப்படுத்தினேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், கடவுள் இல்லையெண்டு திரிஞ்ச காலத்தில கூட நீங்கள் இப்பிடி ஊத்தைக் கதை கதைக்கேல்லை. கூடப்பிறந்த தமக்கையைக் கட்டினதெண்டு என்ர பிள்ளை சோத்துக் கோப்பைக்கு முன்னால இருந்து சொல்லுது!"

சமரசம்

அந்தக் கிழமை நான்கு பிள்ளைகள் வரவில்லை. கல்வி நிலையத்தை நடத்தும் தயாபரன் என்னைக் கூப்பிட்டான். இன்னும் இரண்டு பேர் வராமல் நின்றால் வகுப்பை மூடத்தான் வேண்டும் என்றான். மூடினால் சுகந்திக்கு வேறு இடம் இல்லை. வவுனியாவுக்குப் போய்ப் படிக்க முன்பள்ளி விடாது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை. மற்றப் பாதி, அந்தக் கரும்பலகையை விட்டால் எனக்கு ஏறி நிற்க வேறு மேடை இல்லை என்பது.

ஒரு பழைய கதையில், சண்டைக் காலத்தில் ஹேராவைப் பாதுகாப்புக்காக ஒக்கியானஸ் வீட்டில் விட்டு வளர்த்தார்கள் என்று வருகிறது. ஒக்கியானஸ் யார்? ரேயாவின் சகோதரன். அதாவது சியூஸுக்குத் தாய்மாமன். குரோனஸுக்கும் அவன் சகோதரன்தான், அதை நான் சொல்லப்போவதில்லை. தாய்மாமன் வீட்டில் வளர்ந்த பெண் என்று சொன்னால் போதும், எங்கள் சனம் மிச்சத்தைத் தானே முடித்துவிடும். மறுநாள் பழைய மரத்தை அழித்துவிட்டு ஹேராவை ஒக்கியானஸுக்குக் கீழே எழுதினேன். "மாமன் மகள், மச்சாள் முறையெண்டு வைச்சுக்கொள்ளுங்கோ, மிச்சத்தைப் பிறகு பாப்பம்" என்றேன். கடைசி மாதத்தில் திருத்திவிடலாம் என்பது என் கணக்கு. வகுப்பு ஒரு பெருமூச்சு விட்டது. வராமல் நின்ற நான்கு பேரும் திரும்பி வந்தார்கள். தயாபரன் தேத்தண்ணீர் வாங்கித் தந்தான்.

"ரெண்டு தரப்புக்கும் பணியாத ஆள், அண்ணை, ஒரு மச்சாளுக்குப் பணிஞ்சிட்டியள்."

வேலைநிறுத்தம்

ஒன்றை மறைத்தால் அதோடு ஒட்டிய பத்தையும் மறைக்க வேண்டியிருக்கிறது. டிமீட்டரும் சியூஸின் கூடப்பிறந்தவள். அவளுடைய மகள் பெர்செபொனிக்குத் தகப்பன் சியூஸ்தான். அதைக் கேட்கவேண்டாம் என்று கடந்துபோனேன். பெர்செபொனியைப் பாதாளத்துக்குத் தூக்கிப்போன ஹேடிஸ் அவளுக்குப் பெரியப்பனும் தாய்மாமனும் ஆகிறான். அதையும் விழுங்கினேன்.

ஆனால் டிமீட்டரை மட்டும் குறைக்காமல் படிப்பித்தேன். மகளைத் தேடி அலைந்த தாய், தூக்கிப்போனது யார் என்று சூரியன் சொன்னதும், பயிர் முளைக்க விடமாட்டேன் என்று இருந்துவிட்டாள். சனம் பட்டினி, கடவுள்மாருக்குப் படையல் இல்லை. சியூஸே இறங்கிவந்து பேச்சுவார்த்தை நடத்தினான். மகள் பாதாளத்தில் சில மாதுளை முத்துகளைத் தின்றுவிட்டதால் முழுதாக மீட்க முடியவில்லை. ஆனாலும் வருடத்தில் பெரும்பகுதி தாயோடு இருக்கலாம் என்று தீர்ப்பாயிற்று. உலகத்தில் வென்ற முதல் வேலைநிறுத்தம் இது என்று மேசையில் தட்டிச் சொன்னேன். சுகந்தியின் தாய், போர் முடிவில் இராணுவத்திடம் கையளித்துத் திரும்பி வராத மூத்த மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரப் போராட்டக் கொட்டகையில் வருடக்கணக்காக இருக்கிறவர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் தட்டினேன். சுகந்தி எழுதி முடித்துப் பேனையை மூடினாள்.

"டிமீட்டருக்கு ஆர் கொண்டுபோனதெண்டு சூரியனாவது சொல்லிச்சுது, சேர். எங்கட அம்மாவுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

பொன்னாடை

கடைசி வகுப்புக்குத் தயாராகத்தான் போனேன். "ஹேரா சியூஸின் உடன்பிறந்தவள், பரீட்சையில் அப்படியே எழுத வேண்டும்" என்று ஒரு துண்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். போனால் வாசலில் கோலமும் நிறைகுடமும். தயாபரன் பெற்றோரையும் அழைத்து ஆசிரியர் கௌரவிப்பு வைத்திருந்தான். ஸ்கந்தபுரத்துத் தகப்பன் முன் கதிரையில் இருந்தார். எழும்பி வந்து என் தோளில் பொன்னாடை போர்த்தினார்.

நான் இந்த ஊருக்காக அடி வாங்கினேன், கம்பிக்குப் பின்னால் இருந்தேன். இந்த ஊர் எனக்குப் போர்த்திய முதல் துணி அது. துண்டு, பொன்னாடைக்குக் கீழே, சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. வியர்வையில் நனைந்து எழுத்துக் கரைந்ததை வீட்டுக்குப் போய்த்தான் பார்த்தேன். அவர் ஒலிவாங்கியைப் பிடித்துச் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

"ஒரு ஊத்தைக் கதை இல்லாமல் முழுப் பாடத்தையும் முடிச்ச மனிசன் இவர்தான்."

மரியாதை

பரீட்சை முடிந்து இரண்டாம் நாள், அதே தகப்பனின் மகளைச் சந்தையில் கண்டேன். குடும்ப மரம் கட்டாயக் கேள்வியாக வந்தது என்றாள். என்ன எழுதினாய் என்று கேட்டேன். தமக்கை என்றுதான் எழுதினேன், எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள் என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டபோது கீரைப்பிடியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு சிரித்தாள்.

"அண்டைக்கே போனில பாத்திட்டம், சேர். உங்களுக்கு வெக்கமா இருக்குமெண்டுதான் கேக்கேல்லை."

அச்சொட்டாக

எல்லோரும் என்றால், போனில் தேடிப்பார்த்த எல்லோரும். சுகந்தியின் போன் பொத்தான் போன். அதோடு, அவள் ஆசிரியர் சொன்னதைச் சரிபார்க்கும் தலைமுறையும் அல்ல.

பெறுபேறு வந்த அன்று கல்வி நிலையத்துக்கு வந்தாள். தமிழ் பி, புவியியல் சி, கிரேக்க உரோம நாகரிகம் எஃப். அந்த ஒரு கேள்விதான் அவளை விழுத்தியது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் என்ன எழுதினாய் என்று கேட்டபோது அவள் ஒன்றும் மறக்காமல் சொன்னாள். ஹேராவின் தகப்பன் ஒக்கியானஸ். ஆகவே அவளுடைய பிள்ளைகள் ஏரிஸுக்கும் ஹெபஸ்டஸுக்கும் அம்மப்பா ஒக்கியானஸ். குரோனஸ் விழுங்கியது ஐந்து என்றால் கணக்கு உதைக்கிறது என்று, ஹேராவைக் கழித்து நான்கு என்று எழுதியிருந்தாள். உறவுமுறை தெரிந்த ஒரு பெண், நான் கொடுத்த பொய்யை எடுத்து, ஒரு பிழையும் இல்லாத குடும்பமாகக் கட்டி முடித்திருந்தாள்.

சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன். நான்தான் பிழையாகப் படிப்பித்தேன், எல்லோருக்கும் தெரிந்திருந்தது, உனக்கு மட்டும்தான் தெரியாது என்று. ஆயிரம் பேர் கூடிய கூட்டத்தில் தடக்காத நாக்கு அன்று தடக்கிவிட்டது. அதற்குள் அவள் எனக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

"நீங்கள் கவலைப்படாதேங்கோ, சேர். உங்களில பிழையில்லை. நீங்கள் சொல்லித்தந்ததை அச்சொட்டா எழுதினனான், என்ர தலைவிதி இது."

ஆக, சியூஸ் வீட்டு மானத்தைக் கிளிநொச்சியில் நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து காப்பாற்றிவிட்டோம், அதற்குப் போனது வட்டக்கச்சியில் ஒரேயொரு நிரந்தர நியமனம்தான்.